அண்டாவுக்குப் போட்ட சாய்வு

கண்ணு,

டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்து ஊருக்கெல்லாம் லைன் குடுக்கறவ, அப்பன் கூப்பிட்டா மட்டும் லைனுக்கு வரமாட்டேங்கறே. நேத்து உன்ற ஆஸ்டலுக்கு மூணு தடவை போன் பண்ணினேன். மூணு தடவையும் அந்த வார்டனம்மா, "குளிக்கப் போயிருக்குதுங்க"ன்னாங்க. ஒரு பொண்ணு ஒரே நாள்ல எத்தனை தடவை குளிக்கும்? அஞ்சு வாரம் ஆகியும் உனக்குக் கோபம் தீரலைன்னு புரிஞ்சுது. போன்ல பேசினா நான் ஒண்ணு சொல்ல நீ ஒண்ணு சொல்லுவே, பாதியில வெச்சுப்போடுவே. எழுதினா முழுசாப் படிச்சுத்தானே ஆகோணும்னு, கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கியாந்து உக்காந்திருக்கேன். என் கையெழுத்து செங்கல் அடுக்கின மாதிரி இருக்குதுன்னு சின்னதுலயே சிரிப்பே. இப்பவும் சிரிச்சுக்க. ஆனா கடைசி வரைக்கும் படி. கண்ணாலத்துக்கு இன்னும் பன்னண்டு நாள்தான் இருக்குது.

அன்னிக்கு மண்டபத்துல நடந்ததை நானும் மனசுல ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். உங்கம்மா, நீ, மாப்பள குமரேசன், நான், நாலு பேரும் மண்டபத்தைப் பாக்கப் போனோம். எனக்கு ஒரே குஷி. சோமனூர்ல நான் கட்டினதுலயே பெரிய கட்டடம் அதுதான். நீ ஏழாவது படிக்கறப்ப கடைக்கால் தோண்டினது. முன்னால ஒம்பது படி. படி ஒத்தப்படையில இருக்கோணும், வலது கால் வெச்சு ஏற ஆரம்பிச்சா கடைசிப் படியிலயும் வலது காலே வரோணும்னு எண்ணி எண்ணிக் கட்டின படி அது. அந்த மண்டபத்துல எம்மக கண்ணாலம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். படிக்கிட்ட வந்ததும் உன்ற வீல் சேர் நின்னுச்சு. நான் வழக்கம்போல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "வா கண்ணு"ன்னு குனிஞ்சேன். நீ, "வேண்டாங்கப்பா, கண்ணாலத்தன்னிக்கு நானாப் போகோணும்"னே. நான் அதைச் சரியாக் காதுல வாங்கலை. அட, அதுக்கென்ன, பின்னால படியில்லாத சாய்வு இருக்குது வான்னு சமையக்கட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனேன்.

அங்க தரையெல்லாம் ஈரம். வெங்காயத் தோலும் வாழைச் சருகும் காலுக்கு அடியில நசுங்குது. நீ சாய்வுக்கு முன்னால வண்டியை நிறுத்திட்டு ஒரு கேள்வி கேட்டே. "இதை எதுக்குங்கப்பா போட்டீங்க?" நான் பெருமையாச் சொன்னேன், "சாம்பார் அண்டா ஏத்தறதுக்கு. நாலு ஆள் இருந்தாப் போதும், பெரிய அண்டாவையே தள்ளி ஏத்திப்போடலாம்." நீ என் மூஞ்சியவே பாத்தே. "அண்டாவுக்குத் தோணுச்சுங்களே உங்களுக்கு"ன்னே. சத்தமாக் கூடச் சொல்லலை. அப்பறம், "முன்வாசல் வழியா நானாப் போக முடிஞ்சா இந்த மண்டபம். இல்லீன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறோம்"னே.

அப்ப எனக்கு வந்துச்சே கோபம்! "இருபத்தஞ்சு வருசமாத் தூக்கித் திரிஞ்சவன் நான். இன்னிக்கு அப்பன் தூக்கறது உனக்குக் கேவலமாப் போயிருச்சா?"ன்னு கத்திப்போட்டேன். சமையக்கட்டுல பாத்திரம் கழுவிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீ சக்கரத்தைத் திருப்பிட்டுப் போயிட்டே. மாப்பள உன்ற பின்னாலயே வந்து, ஆட்டோவுக்குப் பக்கத்துல நின்னு, "புடிக்கட்டுங்களா?"ன்னு உங்கிட்டக் கேட்டாரு. நீ தலையாட்டின பொறவுதான் நாற்காலியைத் தொட்டாரு. இத்தனை வருசத்துல ஒரு தடவையாச்சும் நான் அப்படிக் கேட்டிருக்கனா கண்ணு? கேட்டதே இல்லை. தூக்கறதுதான் பாசம்னு நெனச்சவனுக்குக் கேக்கத் தோணாது.

ஊட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட உன்னைப் பத்தித் திட்டித் தீத்தேன். அவ புளி கரைச்சுட்டிருந்தா. கேட்டு முடிச்சுட்டு, "ஏனுங்க, நம்ம புள்ள ஊட்டுக்கு வந்தா தண்ணி குடிக்கறதில்லையே, பாத்திருக்கீங்களா?"ன்னா. நான் என்னத்தைப் பாத்தேன்! டவுன்ல இருந்து பழகின புள்ள, நம்மூரு போர்வெல் தண்ணி ஒத்துக்கலையாட்டன்னு நெனச்சேன். "அதில்லீங்க. நம்ம பாத்ரூம் கதவு ரெண்டடி. அவ வண்டி உள்ள போகாது. நான் தூக்கோணும், இல்லீன்னா அவ தரையில தவழோணும். அதுக்குப் பயந்துக்கிட்டு சனிக்கெழமை வந்து ஞாயித்துக்கெழமை போற வரைக்கும் ஒரு டம்ளரோட நிறுத்திக்கறா. அதனாலதான் இப்பெல்லாம் மாசத்துக்கு ஒருக்காதான் வாரா"ன்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. கண்ணு, எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை.

ஏன்னா, அந்தத் தண்ணிக் கதை எனக்குப் பழசு. நீயும் மறந்திருக்க மாட்டே. அந்த மண்டபத்துக்கு மேல கான்கிரீட்டுச் சிலாப் போட்ட நாள். உன்ற ஏழாவது வகுப்பு மாடியில. காலையில உன்னைத் தூக்கிக்கொண்டு போய் உக்கார வெச்சுட்டு வந்தேன். சாயங்காலம் நாலரைக்கு வந்திருக்கோணும். சிலாப் போடறப்ப பாதியில நிறுத்தினா ஒட்டுல வெடிப்பு உழுந்துரும், மேஸ்திரி நகர முடியாது. கடைசிச் சட்டிக் கலவை போட்டு முடிச்சு ஓடியாந்தேன், பொழுது எறங்கிருச்சு. பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் இல்லை. மாடியில அதே பெஞ்சுல பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. நான் பதறிப் போயி, "பயந்துட்டியா அம்மணி?"ன்னு கேட்டதுக்கு, "இல்லீங்கப்பா. காலையில இருந்து தண்ணியே குடிக்கலை, அதனால பரவால்லீங்க"ன்னே. பன்னண்டு வயசுப் புள்ள! நான் என்ன பண்ணினேன்? "எம்மக கெட்டிக்காரி"ன்னு மெச்சி, பேக்கரியில தேங்காய் பன் வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன். அடுத்த நாளு தலைமையாசிரியர்கிட்டப் போயி, ஏழாவதைக் கீழ மாத்துங்க சார்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லை. உனக்கு வேலை கெடச்சப்ப, உக்கார்ற எடத்தை மாடியில போட்டிருந்தாங்க. தெனமும் வந்து தூக்கி விடறேன்னு நான் அங்கயே லாட்ஜ் தேடினேன். நீ நேராப் போயி ஆபீசர்கிட்டக் கேட்டே. அன்னிக்கு மத்தியானமே உன்ற மேசையைக் கீழ எறக்கினாங்க. கேட்டா மாத்துவாங்கங்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு இருக்குது. இதை உங்கம்மாகிட்டக் கூடச் சொன்னதில்லை. நம்ம ஊடு கட்டறப்ப உனக்கு ஆறு வயசு. அவ அப்பவே, "வாசல்ல படிக்குப் பக்கத்துல ஒரு சாய்வு போட்டுருங்க, புள்ள வண்டி வந்து போகட்டும்"னா. மழைத்தண்ணி உள்ள வரும், மனை சாஸ்திரத்துக்கு ஆகாதுன்னு என்னென்னமோ சொல்லி அவ வாயை அடைச்சேன். எல்லாம் பொய் கண்ணு. வாசல்லயே சாய்வு இருந்தா, ரோட்டுல போறவங்க வாரவங்க எல்லாம் இந்த ஊட்டுல கால் வராத புள்ள ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சுக்குவாங்களேன்னு வெக்கப்பட்டேன். நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வாரவங்க வாசல்லயே திரும்பிருவாங்கன்னு பயந்தேன். உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு நோம்பிக்கும் தேருக்கும் ஊரெல்லாம் சுத்தினவன், அதுக்கு வெக்கப்படாதவன், ஊட்டு வாசல்ல ஒரு சாய்வுக்கு வெக்கப்பட்டேன். என்ன கணக்கோ அது! என்னை மன்னிச்சுப்போடு.

எனக்குப் புத்தி வரதுக்குச் சாமி ஒரு சந்தர்ப்பமும் குடுத்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னால சாரத்துல இருந்து உழுந்து காலை ஒடச்சுக்கிட்டேனே, ஆறு வாரம் மாவுக்கட்டு. நம்ம மாரப்பன், எங்கூட இருவது வருசமா வேலை செய்யறவன், அவன்தான் என்னைத் தூக்கிட்டுப் போயி பாத்ரூம்ல விடுவான். நல்ல மனுசன், மூஞ்சி சுளிக்கமாட்டான். ஆனாலும் அவன் வெளிய நின்னு, "ஆச்சுங்களா மேஸ்திரி?"ன்னு கேக்கறப்பெல்லாம் எனக்கு உசுரே போயிரும். அவன் டீ குடிக்கப் போயிருந்தா அடக்கிக்கிட்டுக் கெடப்பேன். அந்த ஆறு வாரமும் உன்னை நெனச்சேன், பொய் சொல்லலை. எந்திரிச்சதும் மொத வேலையா இந்தக் கதவை அகலப்படுத்தோணும்னு நெனச்சேன். கட்டு அவுத்தாங்க, நடந்தேன், அன்னிக்கே மறந்துபோட்டேன். அம்புட்டுத்தான் மனுசன்.

செரி, இப்ப நடந்ததுக்கு வாரேன். நீ கோவிச்சுக்கிட்டுப் போன நாலாம் நாள் மாப்பள வந்தாரு. காபி குடிச்சுட்டு, பாக்கெட்ல இருந்து ஒரு சீட்டு எடுத்துக் குடுத்தாரு. உன்ற கையெழுத்து. சௌக்கியமான்னு ஒரு வார்த்தை இல்லை. "ஒரு அங்குலம் ஏறுனா ஒரு அடி நீளம் வேணும். திரும்பற எடத்துல அஞ்சடிக்கு அஞ்சடி சமதளம். ரெண்டு பக்கமும் கைப்பிடி." அவ்வளவுதான். மொதல்ல எனக்குச் சுள்ளுனு ஏறுச்சு. முப்பத்தஞ்சு வருசம் ரசமட்டம் புடிச்சவனுக்கு நீ அளவு சொல்லித் தாறியான்னு. அப்பறம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். மண்டபமே வேண்டாம்னு முடிவு பண்ணினவ அளவு எதுக்கு எழுதி அனுப்பறா? அங்கதான் எனக்கு உசுரு வந்துச்சு. மண்டபத்துக்காரர்கிட்ட ஓடினேன்.

அவரு ஒத்துக்குவாரா? "முகப்பு அழகே கெட்டுப்போகும் மேஸ்திரி, பின்னால வேணும்னா இன்னொரு சாய்வு போட்டுக்கங்க"ன்னாரு. நான், "ஏனுங்க, பின்னால அண்டா போகட்டும். எம்மக முன்னாலதான் போவா"ன்னேன். அந்த வார்த்தை உன்னுதுதான், கடன் வாங்கிக்கிட்டேன். ரெண்டு நாளு அவரு ஊட்டுத் திண்ணையில போயி உக்காந்தேன். மூணாம் நாளு, "உன் தொந்தரவு தாங்கலை, முன்னால இருக்கற அந்தக் குரோட்டன்ஸ் செடியெல்லாம் புடுங்கிட்டு என்னமோ பண்ணித் தொலை"ன்னாரு.

இனிமேல் சொல்லப் போறதுக்கு நீ கண்டிப்பாச் சிரிப்பே. ஒம்பது படி, படிக்கு ஆறு அங்குலம், மொத்தம் அம்பத்திநாலு அங்குலம். நீ சொன்னபடி பாத்தா அம்பத்திநாலு அடி நீளம் வேணும். மண்டபத்துக்கு முன்னால அவ்வளவு எடம் எங்க இருக்குது? இந்தப் புள்ள எதையோ தப்பா எழுதிருச்சு, அண்டாச் சாய்வே பதினஞ்சடிதானேன்னு, நான் என் யோசனைக்கு இருவது அடியில ஒண்ணைப் போட்டுத் தேச்சு முடிச்சேன். பாக்க ஜோராத்தான் இருந்துச்சு. அட்டாலியில கெடந்த உன்ற பழைய நாற்காலியை எறக்கித் தொடச்சு, எண்ணெய் போட்டுக் கொண்டு போயி நானே உக்காந்தேன். மாரப்பன் கிட்ட வந்தான். "தொடாதடா, நானாப் போறேன்"னேன். சக்கரத்தைத் தள்ளறேன், தள்ளறேன், ரெண்டு முழம் ஏறுது. தோள்பட்டை கழண்டு போற மாதிரி வலிக்குது. சித்தெ மூச்சு வாங்கலாம்னு கையை எடுத்தேன் பாரு, நாற்காலி பின்னாலயே ஓடிப்போயி என்னை மணல் குவியல்ல மல்லாக்கத் தள்ளிருச்சு. காலு ரெண்டும் மேல. சிமெண்டு கலக்கற பொம்பளைங்க எல்லாம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. மாரப்பன் தூக்க வந்தவன், "தொடலாங்களா மேஸ்திரி?"ன்னு கேக்கறான்! நக்கலு.

மணல்ல உக்காந்தபடியே அந்தச் சாய்வைப் பாத்தேன். அண்டாவைத் தள்ளறதுக்கு நாலு ஆள் இருக்குது, அதுக்கு அந்தச் சாய்வு போதும். உனக்கு உன்ற ரெண்டு கைதான். நீ சொன்ன அளவு உன்ற தோளுக்கான அளவுன்னு அங்கதான் எனக்கு ஏறுச்சு. அத்தனையும் ஒடைக்கச் சொன்னேன். மாரப்பனுக்கு மனசே வரலை, நல்லா இறுகின கான்கிரீட்டு. ரெண்டு நாள் சம்மட்டி போட்டு ஒடச்சோம். அப்பறம் செடி இருந்த எடம் முழுசையும் எடுத்துக்கிட்டு, ரெண்டு தடவை திரும்பி ஏறற மாதிரி அம்பத்திநாலு அடியும் போட்டேன். திரும்பற எடத்துல எல்லாம் அஞ்சடிச் சமதளம். ரெண்டு பக்கமும் பைப்புக் கைப்பிடி, மாப்பளதான் அவரு பட்டறையில வளைச்சு வெல்டு வெச்சுக் கொண்டாந்தாரு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அவருகிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டேன். ஒரு தடவை ஒடச்சவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? கான்கிரீட்டு இறுகறதுக்குச் சாக்குப் போட்டுப் பத்து நாள் தண்ணி விட்டேன். அப்பறம் நாற்காலியில நானே ஏறிப் பாத்தேன். மூச்சு வாங்குச்சு, பொய் சொல்லலை. ஆனா நின்ன எடத்துல நின்னுச்சு கண்ணு. மேல போயிச் சேந்து மண்டபத்துக்குள்ள பாத்தேன். நான் கட்டின மண்டபத்தை உக்காந்துக்கிட்டுப் பாத்தது அன்னிக்குத்தான்.

போன ஞாயித்துக்கெழமை அங்க வேற யாரு ஊட்டுக் கண்ணாலமோ இருந்துச்சு. நான் காலையில இருந்து எதிர்ல டீக்கடையில உக்காந்துக்கிட்டேன். யாராச்சும் இது எதுக்குன்னு கேப்பாங்க, கேட்டா எம்மகளுக்குன்னு சொல்லோணும்னு தயாரா இருந்தேன். இந்த வாட்டி வெக்கப்படாமச் சொல்லிப்போடறதுன்னு. ஒருத்தரும் கேக்கலை கண்ணு! மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு ஏறுச்சு. தடி ஊனின பெரியவர் ஒருத்தர் ஏறினாரு. சீர்த்தட்டு தூக்கிட்டு வந்த பொம்பளைங்க படியைப் பாத்தாங்க, சாய்வைப் பாத்தாங்க, நேராச் சாய்வுல போயிட்டாங்க. மண்டபத்துக்காரர், அழகு கெட்டுப்போகும்னவரு, முட்டியைப் புடிச்சுக்கிட்டு அதுலதான் எறங்கி வந்தாரு. என்னைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. ஊரு என்ன சொல்லுமோன்னு இருவத்தியொரு வருசமாப் பயந்து கெடந்தேனே, ஊருக்கு அது ஒரு விசயமே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. கடைக்காரன் டீயில சக்கரை பத்தலையாங்கன்னு கேட்டான்.

ஊட்டுலயும் வேலை முடிஞ்சுது. பாத்ரூம் கதவு இப்ப மூணடி. உள்ள ஒசரமா உக்கார மேடை, பக்கத்துல புடிச்சுக்கக் கம்பி. முன்வாசல் வாசக்கால்ல வண்டி தட்டற கீழ்க்கட்டையை மட்டும் எடுக்கறதுக்கு எனக்குக் கை வரலை. தெனமும் உங்கம்மா மஞ்சள் பூசிப் பொட்டு வெக்கற கட்டை, எடுத்தா லட்சுமி போயிருவான்னு தயங்கி நின்னேன். உங்கம்மாவே ஆசாரிகிட்ட, "அறுங்க"ன்னு சொல்லிப்போட்டா. "நம்ம ஊட்டு லட்சுமி தண்ணி குடிக்காமப் போறா, இவரு கட்டையைக் காப்பாத்தறாரு"ன்னு ஆசாரி முன்னாலயே என் மானத்தை வாங்கிட்டா. அறுத்தாச்சு. இப்ப அந்த எடத்துல தரையிலயே மஞ்சள் பூசறா. வாசல்லயும் சாய்வு போட்டாச்சு. ரோட்டுல போறவங்க வாரவங்க நல்லாப் பாத்துக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை. போற எடத்துல எல்லாருகிட்டயும் நல்லாப் பேசு, மாமியாருக்குச் செல்லமா இருன்னு உங்கம்மா சொல்லிக்குவா. நான் சொல்றது ஒண்ணுதான். அங்க போயும் ஒரு நாளும் தண்ணியைக் குறைச்சுக்காதே. கதவு சின்னதா இருந்தா மொத நாளே சொல்லிப்போடு. குமரேசன் கேக்கற ஆளு. நானா இருந்திருந்தா உன்னைத் தூக்கிட்டு ஓடியிருப்பேன், அவரு கதவை அகலப்படுத்துவாரு.

சனிக்கெழமை மாப்பளயோட வா. வந்து நீயே அந்தச் சாய்வுல ஏறிப் பாரு. புடிக்கலைன்னா சொல்லு, மறுபடியும் ஒடைக்கறேன், மாரப்பன் வைவான், வையட்டும். அப்பவும் புடிக்கலைன்னா ரிஜிஸ்டர் ஆபீசுக்கே போலாம். ஆனா அதையும் போயி விசாரிச்சுட்டு வந்துட்டேன் அம்மணி, அது மாடியில இருக்குது.

கண்ணாலத்தன்னிக்கு நீ முன்னால போ. நான் உன்ற பின்னால வாரேன். என் முட்டியும் இப்பெல்லாம் ஒம்பது படின்னாலே அழுவுது, எனக்கும் அந்தச் சாய்வுதான். நீ கூப்பிடாம உன்னைத் தொட மாட்டேன், இது சத்தியம். ஆனா இருபத்தஞ்சு வருசப் பழக்கம் பாரு, பாதி வழியில உனக்கு மூச்சு வாங்கறதைப் பாத்தா இந்தக் கை தானா நீண்டுரும். அதனால ஏறறதுக்கு முன்னால உன்ற மாலையைக் கழட்டி என் ரெண்டு கையிலயும் குடுத்துரு. மேல போயிச் சேர்ற வரைக்கும் நான் அதைப் புடிச்சுக்கிட்டே வாரேன்.

உன்ற அப்பன்